இரண்டு மெட்டோயர்கள், ஓர் இடம்

மெம்பிஸ்
ஜனவரி 14, 2001

அன்புள்ள லீசாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஊரே தூங்குகிற வேளையில் கடிதம் எழுதுகிறவள் ஒன்று காதலில் இருக்கவேண்டும், இல்லை பல் முளைக்கிற குழந்தைக்குத் தாயாக இருக்கவேண்டும். நான் எது என்று உனக்குத் தெரியும். நியா இப்போதுதான் என் தோளை விட்டு இறங்கினாள். அவள் அப்பா ராய்ஸ் விடிவதற்குள் பஸ் டிப்போவில் இருக்கவேண்டும். அவனை எழுப்ப மனம் வரவில்லை. அதனால் நீ மாட்டிக்கொண்டாய்.

கடவுள் கிருபையில் இங்கே மூவரும் சுகம். உன் கணுக்கால் வீக்கம் வடிந்ததா? ஐஸ் வைக்கிறாயா, இல்லை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கிறாயா?

போன் செய்யலாம்தான். ஆனால் உன் அறைத்தோழி போனைக் காதிலிருந்து எடுப்பதே இல்லை. தவிர, போனில் நாம் பேசினால் எப்படியோ சண்டையில் போய் முடிகிறது. காகிதத்தில் என்றால் நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொல்ல வந்ததை முடித்துவிடலாம்.

வியாழக்கிழமை உன் கூடைப்பந்து ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தோம். அந்த நெட்டைப் பெண்ணின் கைக்கு அடியில் பந்தைக் கடத்திவிட்டாயே, அதற்கு நான் போட்ட கூச்சலில் நியா பயந்து அழுதுவிட்டாள். ஆனால் இரண்டாம் பாதியில் உனக்கு மூச்சு வாங்கியது. காலையில் எழுந்து ஓடு.

எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. பிள்ளை பெற்று, போன சீசன் முழுக்க உட்கார்ந்திருந்த கால்கள் இப்போது மெல்ல மெல்லச் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. எங்கள் ஹெரான்ஸ் அணியின் பயிற்சிக்கூடத்துக்கு வாரத்தில் பாதி நாள் போகிறேன். கோச் ஆல்பிரிட்டன் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். மே மாதம் அணியின் பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போடு. பள்ளிக்கூடச் சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கும் மேற்பார்வைக்காரி, அம்மாவின் சோள ரொட்டியில் சர்க்கரை போடச் சொல்கிறாளாம். அங்கே கொலை விழும்போல இருக்கிறது.

நியாவின் எச்சில் முத்தத்தோடு,
அக்கா சார்மேன்


கல்லூரி விடுதி, லூசியானா
ஜனவரி 27, 2001

அன்பு அக்கா,

நான் நலம், கணுக்கால் நலம், பசி மிகவும் நலம். ஐஸும் வைக்கிறேன், டி.வி.யும் பார்க்கிறேன். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று நீ வாங்கிய பட்டத்தில் சொல்லித்தரவில்லையா? நியாவுக்குப் பல் வந்ததா? ராய்ஸிடம் நான் கேட்டதாகச் சொல்.

நேற்று எங்கள் லாக்கர் அறைச் சுவரில் யாரோ மெம்பிஸ் பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். நம் குடும்பப் பேரையே தலைப்பாக்கியிருக்கிறான், 'எந்த மெட்டோயர்?' ஒரு பக்கம் உன் படம், மறுபக்கம் என் படம், நடுவில் ஒரு கோடு. உயரம், கை நீளம், வேகம், தூரத்திலிருந்து எறிவது என்று கட்டம் கட்டமாகப் போட்டு, யார் மேலோ அவள் பக்கம் ஒரு நட்சத்திரம். உயரத்தில் நான் அரை அங்குலம் கூடுதலாம். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். கடைசிக் கட்டம் 'உடல்நிலை'. எனக்கு 'புத்தம் புதிது' என்று போட்டிருக்கிறான், கார் விற்கிறவன் மாதிரி. உனக்கு 'பிரசவத்துக்குப் பின்'.

யோலண்டா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏய் லீசா, உங்கக்கா ஒண்ணும் பழைய வண்டி இல்லடி. பின்சீட்டுல ஆள் ஏத்தின வண்டி, அவ்வளவுதான்" என்றாள். அவளை அடித்தேன். பிறகு சிரித்தேன். பிறகு மறுபடியும் அடித்தேன்.

அக்கா, ஒன்று கேட்கவேண்டும். அணிகள் எல்லாம் வரிசையில் நின்று கல்லூரிப் பெண்களை ஒவ்வொருத்தியாக அள்ளிக்கொண்டு போகிற அந்த டிராஃப்டில், இந்த வருஷம் ஹெரான்ஸ் ஒன்பதாவதாக நிற்கிறது என்று அதே பக்கத்தில் இருந்தது. உங்கள் அணிக்கு ஆள் பார்க்கிறவர் ஒருவர், சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டு, என் ஆட்டத்துக்கு மூன்று தடவை வந்துவிட்டார். ஒரு தடவை என்றால் உன் தங்கை என்ற மரியாதை. மூன்று தடவை எதற்கு? பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் கொண்டுபோக உங்களிடம் ஆள் இருக்கிறாளே. நீ இருக்கிறாயே.

பதில் எழுது. இந்தக் கேள்விக்கும் சேர்த்து.

உன் லீசா
(அரை அங்குலம் கூடுதல்)


மெம்பிஸ்
பிப்ரவரி 18, 2001

அன்புள்ள லீசா,

பதில் தாமதமாகிவிட்டது. நியாவுக்குக் காதில் சீழ் வைத்து, ஒரு வாரம் காய்ச்சல். டாக்டர் மருந்து கொடுத்தார், இப்போது பரவாயில்லை. ஆனாலும் தூங்குகிறவளின் நெற்றியை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "நீ தொட்டுத் தொட்டே அவளுக்குச் சூடு ஏத்துறே" என்கிறான் ராய்ஸ். மற்றபடி நலம். நீயும் குளிரில் தலையை நனைத்துக்கொண்டு வெளியே திரியாதே.

அந்தப் பத்திரிகையை நானும் பார்த்தேன். அதை எழுதியவர் முன்னாலேயே எனக்குப் போன் செய்து, ஒற்றைக்கு ஒற்றை ஆடினால் ரெண்டு பேரில் யார் ஜெயிப்பீர்கள் என்று கேட்டார். "நான்தான். இதுல என்ன கேள்வி?" என்றேன். வேறென்ன சொல்வது? இந்தத் தொழிலில் இருந்துகொண்டு அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்கிறவள் அன்றைக்கே காலணியைக் கழற்றி மாட்டிவிடலாம். உன்னிடம் கேட்டாலும் நீ உன் பேரைத்தான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் உன்னை வளர்த்தது வீண்.

'பிரசவத்துக்குப் பின்' என்றால் என்ன என்று அந்த ஆளுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை பயிற்சியில், ஆண்களை விட்டு என்னைத் தடுக்கச் சொன்னார் கோச். பாதியில் எனக்குப் பால் கட்டிக்கொண்டு, சட்டை முன்பக்கம் ரெண்டு இடத்தில் நனைந்துவிட்டது. எதிரே நின்ற பையன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான். அவன் கூரையைப் பார்த்த அந்த நேரத்தில் அவனைத் தாண்டிப் போய்க் கூடையில் போட்டேன். "நியாயமே இல்ல!" என்றான். "எது நியாயம்னு எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அவகிட்ட வந்து கேளு" என்றேன். அதற்கு ஒரு கட்டம் போடட்டும் பார்க்கலாம்.

ஆள் பார்க்கிறவர் எல்லாரையும்தான் பார்ப்பார். அது அவர் வேலை.

சாப்பிட்டுவிட்டு ஓடாதே, ஓடிவிட்டுச் சாப்பிடு.

அக்கா


கல்லூரி விடுதி
மார்ச் 3, 2001

அக்கா,

நான் சுகம். நியாவின் காது எப்படி?

நீ என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டாள். அம்மாவிடம் ராய்ஸ் வாய் தவறிச் சொல்லியிருக்கிறான். ஒன்பதாவது முறையில் பந்து கொண்டுபோகிற பெண் ஒருத்தியை எடுப்பதாக இருந்தால் உனக்கு இடமில்லை என்று கோச் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னாராம். எப்போது? டிசம்பரில்! பார்த்தால் சிரிக்கிறார், குறை ஒன்றுமில்லை என்று நீ எனக்கு எழுதியது ஜனவரியில்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது என்னை. உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே காலையில் எழுந்து ஓடு என்று எழுதுகிறாய்.

லீசா


மெம்பிஸ்
மார்ச் 8, 2001

லீசா,

எல்லாரும் சுகம். நியா சுவரைப் பிடித்து நிற்கிறாள். ராய்ஸின் வாயை நாளைக்குத் தைக்கப்போகிறேன்.

ஆமாம், உண்மைதான். அணியில் பதினொரு பேர். பந்து கொண்டுபோக ரெண்டு பேர். ஒருத்தி எட்டு வருஷமாக ஆடுகிறவள், அவளைத் தொட மாட்டார்கள். மிச்சமிருக்கும் ஓர் இடம் என்னுடையது, போன வருஷம் நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதும் என்னுடையதாகவே இருந்தது. இப்போது கேள்விக்குறி. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், உன் முன்னால் இன்னும் பெரிய ஆட்டங்கள் இருந்தன, நீ தூங்கவேண்டும். அவ்வளவுதான்.

உன் தலைக்குள் இப்போது என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் தெளிவாக எழுதுகிறேன். அணியில் இடம் என்பது சர்ச் பெஞ்சு இல்லை, பாவம் என்று நகர்ந்து உட்கார்ந்து கொடுப்பதற்கு. வேண்டுமென்றால் வா, வந்து என்னிடமிருந்து பிடுங்கிக்கொள். பிடுங்க முடிந்தால் அது உன்னுடையது. நீயாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் பெண்ணை எப்படித் தூக்குவேன்?

சிகாகோவில் அத்தனை அணிகளும் வந்து பார்க்கிற முகாமில் உன்னால் முடிந்த அளவுக்கு ஆடு. இல்லை, அதற்கும் மேலே ஆடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சார்மேன்


கல்லூரி விடுதி
ஏப்ரல் 9, 2001

அன்பு அக்கா,

நலமா? நியா இப்போது நடக்கிறாளா? எத்தனை அடி வைக்கிறாள்? விழுந்தால் அழுகிறாளா, சிரிக்கிறாளா? ராய்ஸின் வாயில் தையல் பிரித்தாயிற்றா?

காலிறுதியில் தோற்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. யோலண்டா குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய உருளைக்கிழங்குச் சிப்ஸைத் தின்றேன்.

சிகாகோவில் ஒரே காற்று. தொப்பி பறந்துபோய் ஒரு போலீஸ்காரரின் காலடியில் விழுந்தது. முகாம் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. பந்து கையில் நிற்கவில்லை. யாரும் குறுக்கே நிற்காமல் கோட்டில் நின்று போடுகிற ஃப்ரீ த்ரோகூட விழவில்லை. சீசன் முழுக்க ஓடியதில் கால் களைத்துவிட்டதோ என்னவோ. அதிர்ஷ்டம் இல்லை, அவ்வளவுதான். ஒன்றும் கவலைப்படாதே. டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் யாராவது எடுத்தால் போதும். எடுக்காவிட்டாலும் இத்தாலியில் ஒரு அணி கேட்டிருக்கிறது. அங்கே சாப்பாடு நன்றாக இருக்குமாம்.

ஹெரான்ஸ் அந்த ஒன்பதாவதில் உயரமான பெண்ணாகப் பார்த்து எடுப்பார்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்கு உயரம் தேவைதானே.

நியாவின் ரெண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று.

லீசா


மெம்பிஸ்
ஏப்ரல் 14, 2001

லீசா,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்குப் பொறுமை இல்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அதுதான் என் புகார்.

நேற்று கோச் ஆல்பிரிட்டன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். துணைக் கோச் ஜெர்ரியும் இருந்தார். டி.வி.யில் சிகாகோ முகாமின் டேப் ஓடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"இதைப் பாரு சார்மேன். உன் தங்கச்சிக்கு முட்டி கிட்டி போயிடுச்சா? மறைக்கிறாளா?"

"சீசன் பூரா ஒவ்வொரு ஆட்டத்துலயும் நாற்பது நிமிஷமும் அவதான் ஆடியிருக்கா. களைப்பா இருக்கும்" என்றார் ஜெர்ரி.

நான் பார்த்தேன். நீ ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறாய். பந்தை மூன்று தட்டுத் தட்டுகிறாய். முட்டி மடங்குகிறது, முழங்கை நேராக இருக்கிறது, எல்லாம் நம் வீட்டுத் தாளம். பந்து கையை விடுகிறது. உடனே நீ தரையைப் பார்க்கிறாய்.

பந்து வளையத்துக்குப் போய்ச் சேரவே இல்லை, லீசா. இன்னும் காற்றில் இருக்கிறது. நீ தரையைப் பார்க்கிறாய்.

உண்மையாகத் தவறவிடுகிறவள் கடைசி வரை பந்தைப் பார்ப்பாள், கண்ணாலேயே உள்ளே தள்ளிவிடலாம் என்பதுபோல. எங்கே போகும் என்று முன்னாலேயே தெரிந்தவள்தான் பார்க்க மாட்டாள். இதை நான் இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில் பார்த்திருக்கிறேன். சர்ச் பிக்னிக்கில், கால்சட்டை வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாஸ்டர் கில்லரி சின்னப் பிள்ளைகளோடு பந்து போடப் போட்டிக்கு வருவாரே, அங்கே. "பாஸ்டரைத் தோக்கடிச்சீங்கன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கம் நம்ம வீட்டைப் பத்தித்தான் இருக்கும், ஞாபகம் வச்சுக்குங்க" என்று அம்மா காதைத் திருகிச் சொல்லி அனுப்புவாள். உனக்கு ஒன்பது வயது. நீ ஒழுங்காக ஒவ்வொரு பந்தாகத் தவறவிட்டாய், ஒவ்வொரு தடவையும் புல்லைப் பார்த்தபடி. எனக்குப் பன்னிரண்டு. நான் அவரை இருபத்தொன்றுக்கு நாலு என்று அடித்தேன். அடுத்த ஞாயிறு பிரசங்கம் அகந்தையைப் பற்றி. முன் வரிசையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.

"என்ன, முட்டியா?" என்று மறுபடி கேட்டார் கோச்.

பதிலை நான் வாயில் வைத்திருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தெரியவில்லை என்றாலும் போதும். உன் பேரை அடித்துவிட்டு அடுத்த டேப்பைப் போடுவார்கள். நான் மே மாதம் முகாமுக்குப் போவேன். என் பெண்ணின் டாக்டர், என் வீடு, என் சட்டை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இதை உனக்கு மறைக்கவில்லை. அந்த அறையில் ஒரு கணம் எனக்கு நியாவின் முகம் தவிர எதுவும் தெரியவில்லை.

"முட்டியெல்லாம் ஒண்ணுமில்ல கோச். வேணும்னே விடுறா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? என்னைக் காப்பாத்துறாளாம்."

ஜெர்ரி தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தார். கோச் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை.

"சரி, நீயே சொல்லு. ரெண்டு பேர்ல யார் மேல்?"

"இன்னிக்குன்னா நான். உங்க ஆட்டம் முழுக்க எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அடுத்த வருஷம்னா எனக்கே தெரியல. அதைத் தெரிஞ்சுக்க ஒரே வழிதான் இருக்கு. ரெண்டு பேரையும் ஒரே தரையில விடுங்க. கட்டம் போட்டு நட்சத்திரம் ஒட்டி இதெல்லாம் தெரியாது."

"நீ என்ன சொல்றேன்னு உனக்குப் புரியுதா சார்மேன்?"

"எனக்கு வரலாத்துல பட்டம் இருக்கு கோச். புரியும்."

வெளியே வந்து காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான் தோற்கலாம். அது என் பாடு. உன்னை யார் என்னைப் பாஸ்டர் கில்லரி ஆக்கச் சொன்னது?

சார்மேன்


கல்லூரி விடுதி
ஏப்ரல் 23, 2001

அக்கா,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நியா நலமா?

ஒன்பதாவதாக என் பேரை வாசித்தார்கள். நீ டி.வி.யில் பார்த்திருப்பாய். அம்மா ஒரு கையால் என்னைக் கட்டிக்கொண்டாள், மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சந்தோஷப்படறேனா அழறேனான்னு எனக்கே தெரியல, நீ பேசாம சிரி, படம் பிடிக்கிறான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சிரித்தேன். ஹெரான்ஸ் தொப்பியைத் தலையில் வைத்தார்கள். உன் தலை அளவுத் தொப்பி.

கோச்சிடம் அதைச் சொன்னாயே, எனக்காகவா, உன் கர்வத்துக்காகவா? இதைக் கேட்டே ஆகவேண்டும். நான் என்ன திருடினேனா? எனக்குக் குழந்தை இல்லை. எனக்கு இத்தாலி இருக்கிறது, நாலு வருஷம் கழித்தும் இருக்கும். உனக்கு வீடு, ராய்ஸின் வேலை, நியாவின் காது எல்லாம் மெம்பிஸில். கணக்குப் போட எனக்கும் தெரியும். நான் என் ஃப்ரீ த்ரோவை என் இஷ்டத்துக்குப் போடுவேன், அல்லது போடாமல் இருப்பேன். அது என் கை.

கோபம் ரெண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரே தரையில விடுங்க என்ற இடத்துக்கு வந்ததும், என்ன சொல்ல, கால் அரித்தது. உன்னோடு உண்மையாக ஆடி எத்தனை நாளாயிற்று? நீ கல்லூரிக்குப் போனதிலிருந்து, லீவில் வரும்போதெல்லாம் நீ என்னை ஜெயிக்கவிட்டாயா, நான் உன்னை ஜெயிக்கவிட்டேனா என்று ரெண்டு பேருக்கும் சரியாகத் தெரியாது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஒப்பந்தம் என் கட்டில் மேல் கிடக்கிறது. மே மாதம் முகாமில் உன் பேர் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். வருவேன். நியாவின் அம்மா என்று பார்க்க மாட்டேன், பிரசவத்துக்குப் பின் என்று பார்க்க மாட்டேன், பாலில் சட்டை நனைந்தாலும் கூரையைப் பார்க்க மாட்டேன். நான் தோற்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

உன் பேர் இல்லையென்றால் கையெழுத்து இல்லை. அம்மா அழுதாலும் சரி, கோச் தலைகீழாக நின்றாலும் சரி.

உன் தங்கை,
லீசா


மெம்பிஸ்
மே 1, 2001

அன்புள்ள லீசாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன் என்பதை உத்தரவு என்று எடுத்துக்கொள்.

இதை நீ செய்தியில் பார்ப்பதற்குள் என் கையெழுத்தில் பார்க்கவேண்டும் என்று இன்றே தபாலில் போடுகிறேன். காலையில் ஹெரான்ஸ் என்னை விடுவித்துவிட்டது. முகாமுக்குக்கூட வரவேண்டாமாம்.

கோச் சுற்றி வளைக்கவில்லை. "நீ சொன்னதைப் பத்தி ரொம்ப யோசிச்சேன். ரெண்டு பேரையும் ஒரே தரையில விட்டா, பாதிப் பொண்ணுங்க உன் பக்கம் நிப்பாங்க, பாதிப் பொண்ணுங்க அவ பக்கம். எனக்கு ஒரு அணி வேணும். குடும்பச் சண்டை வேணாம்" என்றார்.

"நாங்க இன்னும் சண்டையே போடலையே கோச்."

"அதுக்குள்ளயே எனக்குத் தூக்கம் போச்சு."

நான் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டார்கள், பாதியை விட்டுவிட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் ஒருவேளை அப்படித்தான் செய்திருப்பேன். அப்படி இல்லை, செய்திருக்க மாட்டேன். நான் ரெண்டு பேரையும் ஆடவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருப்பேன்.

அழுதேனா என்று கேட்காதே. லாக்கரைக் காலி செய்யும்போது, ஆண் பயிற்சி ஆட்டக்காரர்களில் அந்தக் கூரை பார்க்கும் பையன் வந்து பையைத் தூக்கிக்கொடுத்தான். "உங்களைத் தடுக்கவே முடியலக்கா. நான் சொன்னா யார் கேக்குறா?" என்றான். அந்தப் பத்திரிகைக்காரரும் போன் செய்தார். தங்கை ஜெயித்துவிட்டாள் என்று எழுதலாமா என்று கேட்டார். "ஆட்டமே நடக்கல சார். நடந்தப்புறம் எழுதுங்க" என்று வைத்துவிட்டேன்.

இப்போது உன் நிபந்தனை. அது செத்துப்போய்விட்டது, லீசா. முகாமில் என் பேர் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. நீ கையெழுத்துப் போடாமல் இத்தாலிக்குப் போனால் அந்த இடம் எனக்குத் திரும்பி வராது. வேறு எவளோ ஒருத்தி வருவாள். மெட்டோயர் என்றால் ஆளா ஊரா என்று கேட்பாள். ரெண்டு பேரும் கையை விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் எவ்வளவு நல்லவர்கள் என்று கிறிஸ்துமஸ் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தச் சாப்பாடு இறங்காது.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்பாய். மத்தியானத்துக்குள் நாலு கோச்களுக்குப் போன் செய்தேன். மூன்று பேர் எடுக்கவில்லை. கான்சாஸ் சிட்டியில் எடுத்தார்கள். "ஒண்ணும் வாக்குக் குடுக்க முடியாதும்மா. இங்க ஏற்கெனவே பதினேழு பேர் நிக்கிறாங்க" என்றார் அந்த கோச். "பதினெட்டுன்னு வச்சுக்குங்க" என்றேன். அடுத்த வாரம் போகிறேன். நியாவும் வருகிறாள். பள்ளிக்கூடம் மூடியதும் அம்மா வந்து சேர்ந்துகொள்வாள்; அதுவரை ராய்ஸ் லீவு கேட்டிருக்கிறான். புது ஊரில் நியாவுக்கு மறுபடி காதில் சீழ் வைத்தால் எந்த டாக்டர், எந்தத் தெரு என்று எதுவும் எனக்குத் தெரியாது. மாலையிலிருந்து என் கவலை அது ஒன்றுதான். எனக்குக் கால் இருக்கிறது. வாய் இருக்கிறது. விசாரித்துக்கொள்வேன்.

கான்சாஸ் சிட்டி இந்தக் கோடையில் ரெண்டு தடவை மெம்பிஸுக்கு ஆட வருகிறது. பட்டியலைப் பார்த்துவிட்டேன். அந்தப் பதினெட்டுப் பேரில் நான் மிஞ்சினால், மிஞ்சுவேன், உன் முன்னால் வந்து நிற்பேன். நீ பந்தோடு வருவாய். அதற்கு நீ அங்கே இருக்கவேண்டும். வராத ஆளை நான் எப்படியடி தோற்கடிப்பது?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயா, அதை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை இந்த விலாசத்தில்தான் இருப்பேன். சீக்கிரம் பதில் போடு.

அக்கா